ராக்கெட்டுக்காரரின் சுயசரிதை

தமிழ் நாவல்களில் வரும் கதாநாயகர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஓர் உத்தியோகம் உண்டு. அந்த உத்தியோகத்தை அவர்கள் பார்ப்பதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. டாக்டர் என்றால் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குவார்; ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு யோசித்ததாக இராது. இன்ஜினீயர் என்றால் காரில் வருவார், காதலிப்பார், தியாகம் செய்வார். ஒரு திருகாணியையாவது முடுக்கினார் என்பதற்கு அத்தாட்சி கிடையாது. வேலை என்பது கதை நடக்காத நேரம் என்று நம் நாவலாசிரியர்கள் எப்படியோ தீர்மானித்துவிட்டார்கள். காலை பத்து மணிக்குக் கதாநாயகனை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு அவன் வீடு திரும்புகிற வரையில் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

விலக்குகள் உண்டு. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-லேயே தறிக்காரர்களைப் பற்றிப் பேசியது. ராஜம் கிருஷ்ணன் 1979-ல் 'கரிப்பு மணிக'ளில் உப்பளத்து வெயிலை நம் மேல் காய வைத்தார். ஜானகிராமனின் 'மோகமு'ள்ளில் சங்கீதம் பழகுவதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கலாம். ஆனால் பட்டறை, பரிசோதனைக்கூடம், வரைபட மேஜை, கெட்டுப்போய் மறுபடியும் செய்து பார்க்கப்படும் ஒரு சாமான் இவையெல்லாம் தமிழ்க் கதைக்குள் எப்போதாவது தலைகாட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான்.

இந்தக் குறையோடு நான் அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகு'களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அது பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் பரிசாகக் கொடுக்கப்படும் புத்தகங்களில் ஒன்று. அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு ஒரு துர்ப்பாக்கியம்: எல்லார் வீட்டிலும் இருக்கும், படித்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜனாதிபதியாக இருந்தவருடைய புத்தகம் என்ற மரியாதை வேறு அதற்கும் நமக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இத்தனைக்கும் அவர் அதை வெளியிட்டபோது ஜனாதிபதி அல்ல. இங்கிலீஷில் அது வந்தது 1999-ல். அவர் ராஷ்டிரபதி பவனத்துக்குப் போனது 2002-ல். அதை எழுதியபோது அவர் ராக்கெட்டும் ஏவுகணையும் செய்கிற ஒரு யந்திரஞ்ஞர், அவ்வளவுதான். அந்த யந்திரஞ்ஞரின் புத்தகமாக அதைப் படித்தால் அது எப்படி இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொண்டுவிடுவது நல்லது. புத்தகம் முழுவதும் மோட்டார் மோட்டார் என்று வருகிறது. திட எரிபொருள் மோட்டார் என்றால் என்னவென்று நின்று நிதானமாகச் சொல்லும் ஒரு பக்கம் அதில் இல்லை. எனக்கும் கல்லூரியில் இரண்டு வருஷம் விஞ்ஞானம் படித்த அளவுக்குத்தான் ஞானம். ஆனால் தீபாவளிக்கு வாணம் விட்டவர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை இது.

மோட்டார் என்றவுடன் சுழலுகிற சாமானை நினைக்க வேண்டாம். இதில் சுழலுவது ஒன்றுமில்லை. நீளமான ஒரு குழாய். ஒரு முனை அடைப்பு. மறு முனையில் இடுப்புச் சிறுத்து வாய் அகன்ற ஒரு துவாரம். அம்மோனியம் பெர்குளோரேட் என்கிற உப்பையும் அலுமினியப் பொடியையும் ரப்பர் மாதிரியான ஒரு பிசினில் போட்டுப் பிசைந்து, இளக்கமாக இருக்கும்போதே குழாய்க்குள் வார்த்து, மிதமான சூட்டில் வைத்து இறுக விடுகிறார்கள். எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அந்த உப்பு கொடுக்கிறது. மற்ற இரண்டும் எரிகின்றன. வெளிக்காற்று வேண்டாம். ஆகையால் காற்றே இல்லாத ஆகாயத்திலும் எரியும். வார்க்கும்போது நடுவில் நீளவாட்டில் ஒரு பொந்து விடுவார்கள். எரிவது அந்தப் பொந்தின் சுவர். உள்ளிருந்து வெளிப்பக்கமாக எரிந்துகொண்டே போகும். எவ்வளவு பரப்பு எரிகிறதோ அவ்வளவு உந்துதல். பொந்து வட்டமாக இருந்தால் உந்துதல் ஒரு மாதிரி. நட்சத்திர வடிவமாக இருந்தால் வேறு மாதிரி. எந்த விநாடியில் எவ்வளவு வேகம் தள்ள வேண்டும் என்பதை வார்ப்பு இறுகுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்குத் தெரியும், பதம் தவறினால் அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. இதுவும் அப்படித்தான், தவறினால் சேதம் மட்டும் பெரியது. உள்ளே ஒரு காற்றுக் கொப்புளம் நின்றுபோனாலும், மயிரிழை அகலத்துக்கு ஒரு விரிசல் விட்டாலும், அந்த இடத்தில் எரியும் பரப்பு திடீரென்று கூடும். பரப்புக் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் குழாய் வெடிக்கும். அதனால் வார்த்து முடித்த மோட்டாரை நோயாளியைப்போல எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். திரவ எரிபொருள் எஞ்சினிலாவது குழாயைத் திருகி மூடலாம், நிறுத்தி யோசிக்கலாம். இதில் பற்ற வைத்தால் பற்ற வைத்ததுதான். வருஷக்கணக்கான வேலைக்கு ஒரு நிமிஷத்துக்குள் மார்க் போட்டுவிடுகிற பரீட்சை.

இப்படிப்பட்ட தொழிலில் ஒரு மனிதன் இருபது வருஷம் இருந்தால் அவனுடைய சுபாவம் என்ன ஆகும்? நாவலாசிரியனுக்கு எழுகிற முதல் கேள்வி இது. 'அக்னிச் சிறகுகள்' இதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. ஆனால் பதில் அதற்குள் இருக்கிறது. தேடி எடுக்க வேண்டும்.

ராமேசுவரத்துப் பக்கங்களை நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். புளியங்கொட்டை பொறுக்கி விற்றது, யுத்த காலத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கியது எல்லாம் பாடப்புத்தகங்களுக்கும் மேடைகளுக்கும் போய்த் தேய்ந்துவிட்டன. ஒன்றே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தகப்பனார் கட்டிய படகைப் புயல் கொண்டுபோன கதையைச் சொல்லும்போது, பாம்பன் பாலம் ரயிலோடு விழுந்ததும் அதே மூச்சில் வருகிறது. ரயில் போனது 1964 டிசம்பர் புயலில், தனுஷ்கோடிக்கு அருகில். அப்போது கலாமுக்கு 33 வயது. அமெரிக்காவுக்குப் போய் ராக்கெட் விடும் பயிற்சி பெற்றுத் திரும்பியாகிவிட்டது. இரண்டு புயல்கள் ஒன்றாகிவிட்டன. சரித்திரக்காரர் இதைத் தவறு என்பார். எனக்கு இது பிடித்திருக்கிறது. தீவில் பிறந்தவனுக்கு எல்லாப் புயலும் ஒரே புயல்தான்.

ஆனால் இதே பக்கங்களில் என்னை உண்மையாகவே தொந்தரவு செய்தது வேறொன்று. தம் தகப்பனார் பெரிய பெரிய ஆத்மிக விஷயங்களையெல்லாம் மிகவும் எளிய தமிழில் சொல்லிவிடுவார் என்று கலாம் எழுதுகிறார். ஆவலோடு அடுத்த வரிக்குப் போனால், ஜைனுலாப்தீன் பேசுகிறார்: பிரபஞ்சம், உடலைக் கடந்த நிலை, ஐக்கியம் என்ற தோரணையில். படகு கட்டிய, தென்னந்தோப்பிலிருந்து தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்த ஒரு ராமேசுவரத்து முஸ்லிம் பெரியவர் தம் பிள்ளையிடம் இப்படிப் பேசியிருக்க முடியாது. அவர் பேசியது தமிழ். பிள்ளை அதை அறுபது வருஷம் மனத்தில் வைத்திருந்து, தம்மிடம் வேலை பார்த்த அருண் திவாரியிடம் இங்கிலீஷில் சொன்னார். திவாரி அதை எழுதினார். அந்த இங்கிலீஷ் மறுபடியும் தமிழாயிற்று. ராமேசுவரத்திலிருந்து ராமேசுவரத்துக்கு வருவதற்கு இவ்வளவு சுற்று! வழியில் தகப்பனாரின் குரல் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது. இது மொழிபெயர்ப்பாளரின் குற்றம் அல்ல. அவரிடம் வந்து சேர்ந்ததே அந்தக் குரல் இல்லாத புத்தகம்தான்.

இதில் எனக்கு ஆதங்கம் அதிகமாவதற்குக் காரணம் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படிக்கிறபோது அங்கே தமிழ்ச் சங்கத்தார் வைத்த கட்டுரைப் போட்டியில் கலாம் கலந்துகொண்டார். நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற விஷயத்தைப் பற்றித் தமிழில் எழுதினார். முதல் பரிசு. பரிசைக் கொடுத்தவர் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் தேவன். துப்பறியும் சாம்புவைப் படைத்த அதே தேவன்! வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற ஒரு நாவலாசிரியரும், விமானம் விமானம் என்று அலைந்துகொண்டிருந்த ஒரு தீவுப் பையனும் ஒரு மேடையில் நேருக்கு நேர் நின்றிருக்கிறார்கள். தேவன் 1957-ல் காலமாகிவிட்டார். புத்தகத்தில் இந்தச் சம்பவத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் ஓரிரு வாக்கியம். விமானத்தைப் பற்றித் தமிழில் எழுதிப் பரிசு வாங்கியவர், ராக்கெட்டைப் பற்றி அதே தமிழில் எழுதியிருந்தால் நமக்கு வேறு ஒரு புத்தகம் கிடைத்திருக்கும்.

தும்பாவுக்கு வந்தவுடன் புத்தகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் மீனவர் குப்பம். புனித மரிய மக்தலேனாள் கோயில். பிரார்த்தனை செய்த கூடம் பரிசோதனைக்கூடம் ஆகிறது. பிஷப்பின் அறையில் வரைபடம் போடுகிறார்கள். 1963 நவம்பர் 21-ம் தேதி முதல் ராக்கெட் கிளம்ப வேண்டும். அது அமெரிக்காவிலிருந்து வந்த நைக்கி-அப்பாச்சி. ஏவுமேடையில் தூக்கி வைக்கும் சமயத்தில் பாரந்தூக்கியில் எண்ணெய் கசிந்து ராக்கெட் சாய ஆரம்பிக்கிறது. எல்லாருமாகச் சேர்ந்து கையாலேயே அதைத் தூக்கி நிமிர்த்தி வைக்கிறார்கள். தேர் வடம் பிடித்த ஜனங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நான்கு வருஷம் கழித்து, 1967 நவம்பர் 20-ல், நம்முடைய ரோகிணி ராக்கெட் போகிறது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். ஒரு நல்ல மூங்கிலின் பருமன். இந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிறகு வருவது எவ்வளவு பெரிய தாவல் என்று தெரியும்.

புத்தகத்தின் மிகச் சிறந்த இரண்டு இடங்கள் தும்பாக் காலத்தைச் சேர்ந்தவை. இரண்டும் விபத்துக்கள்.

முதலாவது: ஒரு சக பொறியாளரும் கலாமும் சோடியத்தையும் தெர்மைட்டையும் கலந்து அழுத்தி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். தும்பாவின் புழுக்கம். சரியாக நிரம்பியிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்க்கிறபோது, குனிந்து பார்த்தவருடைய நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை சோடியத்தின் மேல் விழுகிறது. வெடிக்கிறது. தீ பரவுகிறது. அந்தப் பொறியாளர் வெறும் கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, அப்புறம் தாம் குதிக்கிறார். தீக்காயத்தோடு பல வாரம் ஆஸ்பத்திரி.

ஒரு சொட்டு வியர்வை! உழைப்புக்கு அடையாளமாக நம் கவிகள் பாடிப் பாடி அலுத்துப்போன அந்த வியர்வை இங்கே வெடிமருந்தாகிறது. எந்த நாவலாசிரியனும் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது. செய்திருந்தாலும் மிகைப்படுத்துகிறான் என்று சொல்லியிருப்பார்கள். கலாம் இதைச் சில வாக்கியங்களில் சொல்லிவிட்டு மேலே போகிறார். சொல்கிற விதத்தில் ஓர் ஆச்சரியமான அடக்கம் இருக்கிறது. யந்திரஞ்ஞருடைய நடை இது. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது, என்ன காரணம். இந்த இடத்தில் அவர் உபதேசம் செய்யவில்லை. அதனாலேயே அது நம் மனத்தில் நிற்கிறது.

இரண்டாவது, 1979. எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கைத் திருப்பி நிமிர்த்துகிற கட்டுப்பாட்டு அமைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். ராக்கெட்டின் நான்கு அடுக்கும் திட எரிபொருள்தான். இந்தக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் புகையும் நைட்ரிக் அமிலம் வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்று பார்க்கப் போனவர்கள் ஆறு பேர். தொட்டி வெடித்து அமிலம் அவர்கள் மேல் கொட்டுகிறது. கலாமும் குரூப்பும் அவர்களைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சேர்க்கிறார்கள்; படுகாயம் அடைந்தவரின் படுக்கையருகில் கலாம் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அவருக்கு நினைவு திரும்புகிறது. முதல் வார்த்தையாக அவர் விபத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, வேலை பின்தங்கியதைச் சரிக்கட்டிவிடுவதாக உறுதி சொல்கிறார்.

கலாம் இதைக் கேட்டு நெகிழ்ந்துபோகிறார். எனக்கு நெகிழ்ச்சியோடு ஒரு பயமும் வந்தது. அமிலத்தில் வெந்த ஒரு மனிதன் கண் விழித்ததும் தன் பெண்டு பிள்ளைகளைக் கேட்கவில்லை, அட்டவணையைக் கேட்கிறான். இது மேன்மையா, அல்லது அந்த மோட்டார் மனிதர்களை விழுங்கிக்கொண்டிருந்ததா? புத்தகம் முதல் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. இரண்டு பதிலும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் விஷயத்தின் ருசி.

எஸ்.எல்.வி. பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. தலையில் சுமக்க வேண்டியது ஒரு 40 கிலோ துணைக்கோள். அடி அடுக்கில் மட்டும் கிட்டத்தட்ட ஒன்பது டன் எரிபொருள். மூங்கில் பருமனிலிருந்து ஒரு மீட்டர் குறுக்களவுக்கு வந்தாகிவிட்டது. விக்ரம் சாராபாய் நான்கு அடுக்கையும் நான்கு பேரிடம் ஒப்படைத்தார்: முதலாவது கோவாரிக்கர், இரண்டாவது குரூப், மூன்றாவது முத்துநாயகம், நான்காவது கலாம். எரிபொருள் ரசாயனம் கலாமுடைய துறை அல்ல. அவர் கைவண்ணம் குழாயில். உச்சி அடுக்கின் குழாயைக் கனமான உலோகத்தில் செய்யாமல், கண்ணாடி இழையைப் பிசினில் நனைத்து, ராட்டையில் நூல் சுற்றுவதுபோலச் சுற்றிச் செய்தார்கள். பிசினுக்கும் அங்கே ஒரு கதை உண்டு. ஆமணக்கெண்ணெயிலிருந்தே எரிபொருளுக்கான பிசின் வகை ஒன்றைத் திருவனந்தபுரத்து ரசாயனிகள் உண்டாக்கினார்கள். வெள்ளிக்கிழமை தோறும் நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்! இந்த மாதிரி விஷயங்களைப் புத்தகம் இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, தலைமை வகிப்பது எப்படி, கூட்டாக வேலை செய்வது எப்படி என்ற பக்கங்கள் வருகின்றன. நடுநடுவே கவிதைகள். மேற்கோள்கள். ஓர் எக்ஸ்ரே படம் கையில் கிடைக்கும் என்று நீட்டினால் வாழ்த்து மடல் கிடைக்கிறது.

நான்காம் அடுக்கின் கதை மட்டும் தனியே ஒரு குறுநாவல். சாராபாய் பிரெஞ்சுக்காரர்களுடன் பேசி, அந்த அடுக்கையே அவர்களுடைய டயமான்ட் ராக்கெட்டுக்கும் உச்சியாக வைக்க ஏற்பாடு செய்கிறார். அதற்காக 400 மில்லிமீட்டர் குறுக்களவை 650 ஆக்க வேண்டும். 250 கிலோ 600 ஆக வேண்டும். திரும்ப முதலிலிருந்து வரைகிறார்கள். 1971 டிசம்பர் 30-ம் தேதி சாராபாய் கோவளத்தில் திடீரென்று இறந்துவிடுகிறார். அன்று அவரைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்பதாக இருந்தவர் கலாம். வேலை நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜலாலுதீன் இறந்த செய்தி வருகிறது. அக்காள் புருஷர், ஆனால் உறவு அதோடு முடியவில்லை. ஊரில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே மனிதர். பையனுக்கு வெளி உலகம் ஒன்று இருப்பதைக் காட்டியவர். கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது நகையை அடகு வைத்தவள் இவருடைய மனைவி ஜோஹரா. ராத்திரி முழுவதும் பஸ் மாறி பஸ் மாறிக் கலாம் ராமேசுவரம் போய்ச் சேருகிறார். அடக்கம் முடிகிறது. அதற்குப் பிறகு அவர் தும்பாவுக்குத் திரும்பி, அந்நிய மண்ணில் ஓர் இந்திய மோட்டாரைப் பறக்கவிட வேண்டும் என்ற உறுதியோடு வேலையில் உட்கார்கிறார்.

துக்கத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில் புத்தகம் மூச்சு விடுவதே இல்லை. இதைக் கல் நெஞ்சு என்று நினைத்தால் அது பெரிய பிசகு. முதல் தடவை படிக்கிறவர்களுக்கு அப்படித் தோன்றலாம். எனக்குத் தெரிந்த ஒரு வாசகர், இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன் என்றார். ஆனால் முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்க வேண்டும். அக்காளின் வளையலில் ஆரம்பித்த படிப்பு அந்த மோட்டாரில் வந்து நிற்கிறது. ஜலாலுதீனுக்கு அவர் செலுத்தத் தெரிந்த ஒரே காணிக்கை அதுதான். அடுத்து வந்த இரண்டு வருஷங்களில் தகப்பனாரும் தாயாரும் போகிறார்கள். தகப்பனாருக்கு 102 வயது. அழுகையை எழுதத் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் 650 மில்லிமீட்டர் என்று எழுதுகிறார். கையெழுத்துப் பிரதியை ஒரு நாவலாசிரியனிடம் கொடுத்திருந்தால் அங்கே நான்கு பக்கம் சேர்த்திருப்பான், கெடுத்திருப்பான்.

காணிக்கை ஏற்கப்பட்டதா? அடுக்கு தயாராகி அனுப்புகிற சமயத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அந்த டயமான்ட் திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். கலாம் வாழ்க்கையின் பெரிய ஏமாற்றங்களில் இதையும் ஒன்றாகச் சேர்க்கிறார். ஆனால் மோட்டார்கள் மனிதர்களைவிடப் பொறுமைசாலிகள். 1981 ஜூன் 19-ம் தேதி, தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் நம் ஆப்பிள் துணைக்கோள் போயிற்று. அதை அதன் உயரப் பாதையில் கொண்டுபோய் நிறுத்திய மோட்டார், எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கிலிருந்து வந்தது. அந்நிய மண், பிரெஞ்சு மண், இந்திய மோட்டார். அந்த ஆப்பிளைப் பரீட்சை செய்கிறபோது மாட்டு வண்டியில் ஏற்றி வைத்திருந்த புகைப்படம் ஊரெல்லாம் பிரசித்தம். மோட்டாரை யாரும் படம் எடுத்து மாட்டவில்லை.

1979 ஆகஸ்டு 10. ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி. கிளம்புகிறது. முதல் அடுக்கு அப்பழுக்கில்லாமல் எரிகிறது. இரண்டாம் அடுக்கில் கட்டுக் குலைகிறது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து, 560 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுகிறது. காரணம் பிற்பாடு தெரிகிறது: ஒரு வால்வு அழுக்கினால் மூடாமல், கிளம்புவதற்கு எட்டு நிமிஷம் முன்பிருந்தே அமிலம் கசிந்துபோயிருக்கிறது. கவனியுங்கள்: பற்ற வைத்தால் அணைக்க முடியாது என்று எல்லாரும் பயந்த திட எரிபொருள் கைவிடவில்லை. காலை வாரியது ஒரு சிறு குழாயில் இருந்த திரவம்.

இந்தத் தோல்வியைப் பற்றிக் கலாம் பின்னாளில் மேடைதோறும் ஒரு கதை சொல்லி வந்தார். தோல்வியன்று பத்திரிகைக்காரர்களைத் தாமே எதிர்கொண்ட சதீஷ் தவான், வெற்றியன்று கலாமை முன்னால் நிறுத்தினார் என்று. நல்ல கதை. தேசத்துக்கே தெரிந்துவிட்ட கதை. ஆனால் புத்தகத்தில் இருக்கும் இன்னொரு காட்சி எனக்கு அதைவிடப் பெரிது. ராக்கெட் விழுந்த பிறகு, சாப்பிடுகிறாயா என்று கேட்டவர்களுக்கு, தூங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலாம் போய்ப் படுத்துவிடுகிறார். ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. பிற்பகல் முடிந்து சாயங்காலம் ஆகப்போகும் நேரத்தில் கண் விழித்தால், படுக்கையருகில் டாக்டர் பிரம்ம பிரகாஷ் உட்கார்ந்திருக்கிறார். திருவனந்தபுரத்து விண்வெளி மையத்தின் தலைவர், வயதில் பெரியவர், உலோக சாஸ்திரத்தில் பெரிய பெயர். அவர் கேட்கிறார், இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாமா என்று. அதுவரையில் அவரும் சாப்பிடவில்லை.

காரணம் கேட்கவில்லை, தைரியம் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். புத்தகத்தில் இருக்கிற எல்லாக் கவிதைகளையும் இதற்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். இது போன்ற ஐந்தாறு காட்சிகள் கலாமிடம் இன்னும் இருந்திருக்கும். கேட்டு வாங்குகிற ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தம் தலைவரைப் பயபக்தியோடு பார்க்கிற சிஷ்யர் பேனா பிடித்தால், அவர் உபதேசத்தைத்தான் முதலில் எழுதிக்கொள்வார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதை ஒரு மூலையில் வைப்பார்.

1980 ஜூலை 18-ம் தேதி காலை எட்டு மணிக்குப் பிறகு மூன்று நிமிஷத்தில் மறுபடியும் கிளம்பி, ரோகிணி துணைக்கோளைச் சுற்றுப் பாதையில் விட்டது எஸ்.எல்.வி. வெற்றிப் பக்கங்கள் எந்தச் சுயசரிதையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடந்துபோகலாம்.

அதற்குப் பிறகு 1982-ல் கலாம் ஹைதராபாத்தில் ராணுவ ஆராய்ச்சிக்குப் போகிறார். புத்தகத்தின் மூன்றாம் பாகம் முழுவதும் ஏவுகணைகள். இங்கே எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. ஏவுகணை செய்தது சரியா தவறா என்று நான் வழக்காட வரவில்லை. அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன. என் ஆட்சேபம் ஒரு வாசகனின் ஆட்சேபம். 1989 மே 22-ல் பறந்த அக்னியின் அடி அடுக்கு எது? எஸ்.எல்.வி.யின் அதே முதல் அடுக்கு. அதே ஒன்பது டன். ரோகிணியை ஆகாயத்துக்கு அனுப்பிய அதே வார்ப்பு. மாதா கோயிலில் ஆரம்பித்து, வியர்வையிலும் அமிலத்திலும் வெந்து, ஜலாலுதீனுக்கும் சாராபாய்க்கும் பிரம்ம பிரகாஷுக்கும் கடன்பட்டு வளர்ந்த மோட்டார் குடும்பம் இப்போது வேறொரு சுமையைத் தூக்கப்போகிறது. இந்த மாற்றம் ஒரு மனிதருடைய மனத்துக்குள் எப்படி நடந்தது? பலம் இருந்தால்தான் மதிப்பு என்ற தர்க்கம் புத்தகத்தில் இருக்கிறது. தர்க்கம் பொதுக்கூட்டத்துக்குப் போதும். தம் கையால் இழை சுற்றியவருக்கு அது ஒரே இரவில் சம்மதமாகிவிட்டதா, தூக்கம் வராத ராத்திரி ஏதாவது இருந்ததா என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். 2015 ஜூலை 27-ம் தேதி ஷில்லாங்கில் மாணவர்களுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

ஆனால் ராத்திரி ஒன்று இருக்கிறது. அதற்குரிய முக்கியத்துவத்தைப் புத்தகமே கொடுக்கவில்லை. அக்னி அதற்கு முன் இரண்டு தடவை நின்றுபோயிருந்தது. பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டுத் தள்ளிவிட்டன. மூன்றாவது தடவைக்கு முந்தின இரவு, ஒரிஸாக் கடற்கரை, பௌர்ணமிக்கு மறுநாளோ என்னவோ, நல்ல நிலா. ராணுவ மந்திரி கே.சி. பந்த் கலாமோடு மணலில் நடந்துகொண்டே கேட்கிறார்: நாளைக்கு ஜயித்துவிட்டால் அதைக் கொண்டாட நான் உமக்கு என்ன செய்யட்டும்? கலாம் யோசிக்கிறார். தமக்கென்று ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. தம்முடைய புதிய ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றி நடுவதற்கு ஒரு லட்சம் மரக்கன்று வேண்டும் என்கிறார்.

மந்திரி இதைக் கேட்டு, அக்னிக்குப் பூமித்தாயின் ஆசீர்வாதத்தை வாங்குகிறீர்களா என்ற பாவனையில் ஏதோ சொல்கிறார். மறுநாள் அக்னி பறக்கிறது. புத்தகமும் அதோடு பறந்துவிடுகிறது. நான் இந்த வாழ்க்கையை நாவலாக எழுதுவதானால் ராமேசுவரத்தில் ஆரம்பிக்கமாட்டேன். இந்த மணலில், இந்த நிலாவில், பக்கத்தில் மந்திரி நிற்க, சற்றுத் தள்ளி அந்த மோட்டார் எக்ஸ்ரேயெல்லாம் முடிந்து நிமிர்ந்து நிற்க, ஒருவர் மரக்கன்று கேட்கிறாரே, அங்கே ஆரம்பிப்பேன்.